நாஸில் டவுன்லோட் நின்றுவிட்டதா? ரீசெட்டைக் குத்தும் முன் பார்க்க வேண்டியவை

நாஸ் என்பது வீட்டு நெட்வொர்க்கில் மாட்டி, எல்லாக் கருவிகளும் பகிர்ந்துகொள்கிற ஹார்ட் டிஸ்க் பெட்டி. அந்தப் பெட்டியின் பின்னால் ஊசியால் குத்துகிற மாதிரி ஒரு சின்னத் துளை இருக்கிறதே, ரீசெட், அதிலிருந்து முதலில் கையை எடுங்கள். டவுன்லோட் நின்றதற்கு அதைக் குத்தி யாருக்கும் சரியானதாக நான் பார்த்ததில்லை. அட்மின் பாஸ்வேர்டும் நெட்வொர்க் செட்டிங்ஸும் சேர்ந்து போய், இருந்த ஒரு தலைவலி மூன்றாகும், அவ்வளவுதான்.

எங்கள் வீட்டு டிவி ஸ்டாண்டுக்குக் கீழே இரண்டு ஹார்ட் டிஸ்க் போடுகிற நாஸ் ஒன்று எட்டு வருடமாக ஓடுகிறது. டவுன்லோட் நிற்கும் ஒவ்வொரு முறையும் நானும் முதலில் நெட் கம்பெனியைத்தான் திட்டுவேன். பெரும்பாலும் குற்றவாளி வீட்டுக்குள்ளேயே இருந்திருக்கிறான். அதனால் இப்போது எதையும் தொடுவதற்கு முன் இரண்டே இரண்டு சோதனை செய்கிறேன். வீட்டுக்குள்ளா வெளியிலா என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

முதல் சோதனைக்கு, லேப்டாப்பிலிருந்து ஒரு பெரிய ஃபைலை, 5 ஜிபிக்குக் குறையாததாக, டவுன்லோட் விழுகிற அதே ஃபோல்டருக்குக் காப்பி செய்து பாருங்கள். பக்கத்து ஃபோல்டர் வேண்டாம், அதே ஃபோல்டர். முடிந்தால் லேப்டாப்பையும் கேபிளில் மாட்டிக்கொள்ளுங்கள், இல்லையென்றால் நீங்கள் அளப்பது வைஃபையின் வேகமாகத்தான் இருக்கும். இரண்டாவதாக, உபுண்டு என்ற இலவச இயங்குதளத்தின் தளத்துக்குப் போய் அதன் ஐஎஸ்ஓ (நிறுவும்) ஃபைலை நாஸின் டவுன்லோட் ஆப்பில் போடுங்கள். ஒரு முறை நேரடி லிங்க், இன்னொரு முறை டோரன்ட், அதாவது ஃபைலை வைத்திருக்கும் பல பேரிடமிருந்து துண்டு துண்டாக எடுக்கும் முறை. உபுண்டுவை நீங்கள் பயன்படுத்தப் போகிறீர்களா என்பது விஷயமில்லை. ஃபைல் பெரியது, சட்டப்படி இலவசம், டோரன்ட்டை எப்போதும் நிறையப் பேர் சீட் செய்துகொண்டே, அதாவது பிறருக்குக் கொடுத்துக்கொண்டே, இருப்பார்கள். அது ஜம்மென்று இறங்கி, உங்களுக்கு வேண்டியது மட்டும் இறங்கவில்லை என்றால் பெட்டியை விட்டுவிடுங்கள், கோளாறு மறுமுனையில் இருக்கிறது.

காப்பியே ஆகவில்லை என்றால்

நெட்டை மறந்துவிடுங்கள். டிஸ்க் அல்லது ஃபோல்டர்தான் காரணம்.

இடம் இருக்கிறதா என்று பாருங்கள் என்று சொன்னால் எல்லோருக்கும் கோபம் வரும், "நேற்றுத்தான் 200 ஜிபி அழித்தேன்" என்பார்கள். அழித்தீர்கள், சரி, ஆனால் நாஸில் ஒவ்வொரு ஷேர்டு ஃபோல்டருக்கும் தனியாக ஒரு ரீசைக்கிள் பின் இருக்கும், அது தானாகக் காலியாகாது, நீங்கள்தான் காலி செய்ய வேண்டும், அல்லது இத்தனை நாளுக்கு ஒரு முறை என்று அட்டவணை போட வேண்டும். அதையும் காலி செய்த பிறகும் இடம் கூடவில்லையென்றால் ஸ்னாப்ஷாட் இருக்கிறதா பாருங்கள். பிடிஆர்எஃப்எஸ் முறையில் ஃபார்மட் செய்த வால்யூமில் (நாஸின் சேமிப்புப் பகுதியில்) ஸ்னாப்ஷாட், அதாவது அந்தந்த நேரத்து நிலையைப் பிடித்து வைக்கும் வசதி, ஓடிக்கொண்டிருந்தால், அழித்த ஃபைலின் இடத்தை அந்தப் பழைய ஸ்னாப்ஷாட் பிடித்துக்கொண்டே இருக்கும். அது காலாவதியாகும் வரை அல்லது நீங்கள் நீக்கும் வரை அந்த இடம் உங்களுக்குக் கிடைக்காது.

காப்பி ஆரம்பித்து, 4 ஜிபியைத் தொட்டதும் சொல்லிவைத்த மாதிரி நிற்கிறதா? நாஸில் மாட்டிய யூஎஸ்பி டிஸ்க்கில்தான் டவுன்லோட் விழுகிறது, அந்த டிஸ்க் ஃபேட்32 முறையில் ஃபார்மட் ஆனது. 4 ஜிபியும் அதற்கு மேலும் உள்ள ஃபைலை அந்த முறையால் வைக்கவே முடியாது. உள்ளே இருப்பதை வேறு இடத்துக்கு மாற்றிவிட்டு எக்ஸ்ஃபேட் அல்லது எக்ஸ்ட்4-ஆக ஃபார்மட் செய்யுங்கள்.

கரண்ட் போய் வந்த மறுநாள் எல்லா டவுன்லோடும் சிவப்பில் கிடந்தால் முதல் சந்தேகம் என்கிரிப்ட் செய்த, அதாவது சாவி போட்டுப் பூட்டிய, ஃபோல்டர் மேல்தான் வர வேண்டும். பெட்டி தானாக எழுந்துகொண்டிருக்கும், ஆனால் பூட்டிய ஃபோல்டரைத் திறக்க உங்கள் சாவிக்காகக் காத்திருக்கும், டவுன்லோட் ஆப்புக்கோ போக வேண்டிய வீடே காணாமல் போயிருக்கும். ஃபோல்டரை மவுன்ட் செய்துவிட்டு (சாவி கொடுத்துத் திறந்துவிட்டு) டவுன்லோடைத் தொடரச் சொன்னால் போதும்.

அடுத்தது, ஆங்கில வழிகாட்டிகள் பெரும்பாலும் விரிவாக எழுதாத, தமிழ் போன்ற மொழிகளில் ஃபைல் பெயர் வைப்பவர்கள் அதிகம் மாட்டிக்கொள்கிற ஒன்று. பெயர் நீளம். நாஸ் பெட்டிகள் பெரும்பாலும் லினக்ஸில் ஓடுபவை, அதில் ஒரு ஃபைல் பெயர் 255 பைட் வரை இருக்கலாம். ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட், தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட். அதிலும் 'தி' என்பது நமக்கு ஓர் எழுத்து, கணினிக்கு 'த' ஒன்று, இகரக் குறி ஒன்று என இரண்டு. ஆக தமிழில் 85 குறிகளோடு கதை முடிந்தது. என்கிரிப்ட் செய்த ஃபோல்டராக இருந்தால் இன்னும் மோசம். சைனாலஜி கம்பெனியின் நாஸ் பெட்டிகளில் அந்த ஃபோல்டர்களுக்கு எல்லை 143 பைட். 'திருநெல்வேலி' என்று எழுதிப் பாருங்கள், கண்ணுக்கு ஆறு எழுத்து, உள்ளே 12 குறி, 36 பைட். அதை இடைவெளி விடாமல் நான்கு முறை எழுதினால் 144, ஒரே ஒரு பைட்டில் எல்லை தாண்டிவிட்டது. இன்டர்நெட் ஆர்க்கைவிலிருந்து பழைய தமிழ் நூல்களை இறக்குகிறவர்கள் கவனியுங்கள்: நூலின் பெயர், ஆசிரியர், பதிப்பகம், ஆண்டு எல்லாம் ஒரே ஃபைல் பெயருக்குள் இருக்கும், பெட்டியோ காரணம் சொல்லாமல் வெறுமனே பிழை என்று காட்டும். நான் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளை இதில் விட்டேன். டோரன்ட்டில் சேர்க்கும்போதே பெயரைச் சுருக்க முடிகிற ஆப் என்றால் சுருக்குங்கள், அல்லது என்கிரிப்ட் செய்யாத ஃபோல்டருக்கு மாற்றுங்கள்.

இவை எதுவும் இல்லை, எழுதவே விடமாட்டேன் என்கிறது, வால்யூமே படிக்க மட்டும் என்று மாறியிருக்கிறது என்றால் டவுன்லோடை மறந்துவிட்டு ஸ்டோரேஜ் பக்கத்தைத் திறந்து டிஸ்க்கின் ஸ்மார்ட் விவரத்தை, அதாவது டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்து வைக்கும் பட்டியலை, பாருங்கள். ரீஅலொகேட்டட் செக்டர், பென்டிங் செக்டர் என்ற இரண்டு வரிகளில் எண் ஏறிக்கொண்டே போனால் டிஸ்க் கிளம்பத் தயாராகிவிட்டது. முதலில் குடும்பப் போட்டோக்களை வேறு இடத்துக்கு எடுங்கள்.

காப்பி ஆகிறது, ஆனால் ஆமை வேகம்

நொடிக்கு 11 எம்பி என்ற எண்ணை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கேபிளில் காப்பி செய்யும்போது நல்ல நிலையில் 100 எம்பியைத் தாண்ட வேண்டியது 11-லேயே ஒட்டிக்கொண்டு நின்றால் அது டிஸ்க் கோளாறு கிடையாது, கேபிள். கிகாபிட் (1000 எம்பிபிஎஸ்) வேகத்துக்கு ஈதர்நெட் கேபிளின் எட்டுக் கம்பியும் வேண்டும், 100 எம்பிபிஎஸ்ஸுக்கு நான்கே போதும். எம்பிபிஎஸ் என்பது பிட் கணக்கு, எட்டு பிட் ஒரு பைட், அதனால் 100 எம்பிபிஎஸ் நடைமுறையில் நொடிக்கு 11 எம்பிதான். மீதி நான்கில் ஒரு கம்பி அறுந்தால் பெட்டியும் ரவுட்டரும் சத்தமில்லாமல் 100-க்கு இறங்கி சமாதானம் ஆகிவிடும், எந்த எச்சரிக்கையும் வராது. 300 எம்பிபிஎஸ் பிளானுக்குப் பணம் கட்டிவிட்டு, அதாவது நொடிக்கு 37 எம்பி வர வேண்டிய இடத்தில், நான் மூன்று மாதம் 11-ஐப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கடைசியில் பார்த்தால் வீட்டை ஒதுங்க வைத்தபோது பீரோவின் காலை கேபிள் மேலேயே இறக்கியிருக்கிறோம். நாஸின் நெட்வொர்க் பக்கத்தில் லிங்க் வேகம் 1000 என்று இருக்க வேண்டும், 100 என்று இருந்தால் கேபிளை மாற்றுங்கள், அப்புறமும் 100 என்றால் ரவுட்டரின் வேறு போர்ட்டில் குத்திப் பாருங்கள். சில மலிவு ரவுட்டர்களில் போர்ட்டே 100-தான்.

சிலருக்கு ஆரம்பத்தில் வேகம் பிய்த்துக்கொண்டு போய், கொஞ்ச நேரத்தில் அதலபாதாளத்துக்கு விழும், மறுபடி ஏறும், மறுபடி விழும். டிஸ்க் எஸ்எம்ஆர் வகையா என்று மாடல் எண்ணை வைத்துத் தேடுங்கள். ஓட்டின் மேல் ஓடு அடுக்கியது போல் தடங்களை ஒன்றின் மேல் ஒன்று ஏற்றி எழுதுகிற டிஸ்க் அது, சிதறிச் சிதறி எழுதுகிற டோரன்ட்டுக்கு அதைவிடப் பொருந்தாத ஜோடி கிடையாது. நாஸுக்கென்றே விற்ற டிஸ்க்குகளிலும் இது இருந்தது. வெஸ்டர்ன் டிஜிட்டல் தன் ரெட் வரிசையில் 2 முதல் 6 டிபி வரையிலான சில டிஸ்க்குகள் எஸ்எம்ஆர் என்று 2020-ல் ஒப்புக்கொண்டது, பழைய முறை டிஸ்க்குகளுக்கு அதன் பிறகுதான் ரெட் பிளஸ் என்று தனிப் பெயர் வந்தது. மாற்ற வசதியில்லை என்றால் ஒரே நேரத்தில் ஓடும் டவுன்லோடை ஒன்று அல்லது இரண்டாகக் குறையுங்கள், நல்ல வித்தியாசம் தெரியும்.

காப்பி நன்றாக ஆகிறது, டவுன்லோட் மட்டும் அசையவில்லை

நாஸ் வெளி உலகைப் பார்க்கிறதா என்பதுதான் கேள்வி. எளிய வழி, அதன் ஆப் ஸ்டோர் பக்கத்தைத் திறப்பது. பட்டியல் வராமல் சுற்றிக்கொண்டே இருந்தால் பெட்டிக்கு நெட்டே இல்லை, அப்புறம் டவுன்லோட் ஆப்பின் செட்டிங்ஸை எத்தனை முறை மாற்றினாலும் பயனில்லை.

போன வருடம் ஃபைபர் கம்பெனி ஆள் வந்து பழைய ரவுட்டரை எடுத்துவிட்டுப் புதியதை மாட்டிவிட்டுப் போனார். போனில் நெட் வருகிறது, டிவியில் நாஸிலிருந்து படம் ஓடுகிறது, டவுன்லோட் மட்டும் சுத்தமாகச் செத்துவிட்டது. இரண்டு நாள் கழித்துத்தான் உறைத்தது: பழைய ரவுட்டரின் முகவரி 192.168.1.1, புதியது 192.168.1.254. நாஸுக்கு நான் எப்போதோ கையால் நிலையான ஐபி போட்டு, வெளியே போகும் வாசல், அதாவது கேட்வே, 192.168.1.1 என்று எழுதி வைத்திருந்தேன். வீட்டுக்குள் பேச வாசல் தேவையில்லை என்பதால் படம் ஓடியது, வெளியே போகும்போது இல்லாத வாசலில் போய் முட்டிக்கொண்டு நின்றது. இப்போதெல்லாம் நாஸை தானியங்கி ஐபியில் விட்டுவிட்டு, இந்தப் பெட்டிக்கு இந்த எண் என்று ரவுட்டரிலேயே ஒதுக்கி வைத்துவிடுகிறேன். ரவுட்டர் மாறினாலும் கேட்வே தானாகச் சரியாகிவிடும்.

கேட்வே சரி என்றால் அடுத்து டிஎன்எஸ், அதாவது தளத்தின் பெயரைக் கொடுத்தால் அதன் ஐபி எண்ணைச் சொல்லும் சேவை. நாஸின் நெட்வொர்க் பக்கத்தில் 1.1.1.1 அல்லது 8.8.8.8 போட்டுப் பாருங்கள். விளம்பரம் தடுக்க வீட்டில் பை-ஹோல் வைத்திருப்பவர்கள், குறிப்பாக அதே நாஸில் வைத்திருப்பவர்கள், நாஸ் தன் டிஎன்எஸ்ஸைத் தன்னிடமே கேட்டுக்கொண்டு நிற்கிறதா என்று பாருங்கள்.

அப்புறம் கடிகாரம். பெட்டியின் தேதி 2015 என்றோ வேறு ஏதாவதோ காட்டினால் பாதுகாப்பான லிங்க் ஒன்றுகூட இறங்காது, தளங்களின் அடையாளத்தை உறுதி செய்யும் சான்றிதழ்கள் எல்லாம் இன்னும் பிறக்கவே இல்லை என்று அது நினைக்கும். தானாக நேரம் எடுக்கும் என்டிபியை இயக்குங்கள். நேரம் சரியாக இருந்தும் சில தளங்கள் மட்டும் சான்றிதழ் பிழை சொன்னால், பெட்டி பழசா என்று யோசியுங்கள். பல தளங்கள் பயன்படுத்தும் இலவசச் சான்றிதழ் சேவையான லெட்ஸ் என்கிரிப்ட்டின் சான்றிதழ்கள் சாய்ந்திருந்த பழைய வேர்ச் சான்றிதழ் 2021 செப்டம்பர் 30 அன்று காலாவதியானது, புது வேர்ச் சான்றிதழை அறியாத பழைய கருவிகள் பலவும் அன்றோடு எத்தனையோ தளங்களோடு பேச்சை நிறுத்திக்கொண்டன. மென்பொருள் அப்டேட் வந்தால் போடுங்கள், வராத மாடல் என்றால் லேப்டாப்பில் இறக்கி நாஸுக்கு மாற்றுவதுதான் வழி.

சின்னப் பக்கமெல்லாம் திறக்கிறது, பெரிய ஃபைல் என்றால் உறைந்துவிடுகிறது என்றால் ஜம்போ ஃப்ரேமை, அதாவது வழக்கத்தைவிடப் பெரிய பொட்டலங்களாகத் தரவை அனுப்பும் செட்டிங்கை, யாரோ ஆன் செய்திருக்கிறார்கள். ஆஃப் செய்து பொட்டலத்தின் உச்ச அளவான எம்டியூவை 1500-க்குக் கொண்டு வாருங்கள்.

ஒரு வெட்கக்கேட்டையும் சொல்லிவிடுகிறேன். பகலில் ஒரு எம்பிகூட இறங்காமல், காலையில் எழுந்து பார்த்தால் பாதி முடிந்திருந்தது ஒரு காலத்தில். பேய் வேலை என்றே நினைத்தேன். பிஎஸ்என்எல் பிளானில் அதிகாலை 2 முதல் 8 வரை இறக்குவது கணக்கில் சேராது என்றிருந்தபோது டவுன்லோட் ஆப்பில் அட்டவணை போட்டு வைத்திருந்தேன். பிளான் மாறி, கம்பெனி மாறி, வீடே மாறியும் அந்த அட்டவணை மட்டும் விசுவாசமாக இருந்திருக்கிறது. 'காத்திருக்கிறது' என்று காட்டினால் முதலில் அட்டவணையைப் பாருங்கள். மாதக் கடைசியில் மட்டும் வேகம் படுத்தால் பிளானின் அளவு தீர்ந்திருக்கும். வரம்பற்றது என்று விற்கிற பிளான்கள் பலவற்றிலும் மாதம் 3300 ஜிபி போல ஓர் எல்லை உண்டு.

நேரடி லிங்க்கில் 20 கேபி ஃபைல் வந்தால்

இரண்டு ஜிபி வர வேண்டியதற்கு நொடியில் முடிந்து 20 கேபி ஃபைல் ஒன்று உட்கார்ந்திருந்தால் அதை நோட்பேடில் திறந்து பாருங்கள். உள்ளே 'லாகின் செய்யவும்' என்கிற பக்கம் இருக்கும். பிரவுசரில் நீங்கள் லாகின் ஆகியிருக்கிறீர்கள், அதற்கு அடையாளமான குக்கி அங்கே இருக்கிறது. லிங்க்கை மட்டும் நாஸுக்குக் கொடுத்தால் தளத்துக்கு அது யாரோ தெரியாத ஆள். டவுன்லோட் ஆப்பில் அந்தத் தளத்தின் கணக்கைச் சேர்க்க வசதி இருந்தால் சேருங்கள். சில லிங்க்குகள் சில மணி நேரத்தில் செத்துவிடும், அவற்றை எடுத்த கையோடு போட வேண்டும். பாதியில் நின்றால் சில சர்வர்கள் தொடர விடும், சில சைபரிலிருந்து ஆரம்பிக்கும், அதில் நாம் செய்ய ஒன்றுமில்லை.

டோரன்ட் மட்டும் மக்கர் செய்தால்

உபுண்டு டோரன்ட் நன்றாக வந்து உங்களுடையது வரவில்லை என்றால் சீட் எண்ணிக்கையைப் பாருங்கள், சைபர் என்றால் கொடுக்க ஆள் இல்லை, காத்திருக்கலாம் அல்லது விட்டுவிடலாம். டோரன்ட் ஃபைலுக்குப் பதில் கொடுக்கும் மேக்னெட் லிங்க், விவரம் எடுக்கும் கட்டமான மெட்டாடேட்டா என்ற இடத்திலேயே நின்றாலும் பெரும்பாலும் இதுதான்.

ஆள் குறைவான டோரன்ட்டுகள் எல்லாமே மெதுவாக இருந்தால் ரவுட்டரின் வான் ஐபியை, அதாவது வெளி நெட்டுப் பக்கம் ரவுட்டருக்குக் கிடைத்த முகவரியை, பாருங்கள். அது 100.64 முதல் 100.127 வரைக்குள் ஆரம்பித்தால் உங்கள் கம்பெனி பல வீடுகளுக்கு ஒரே பொது ஐபியைப் பங்கு போட்டிருக்கிறது. நீங்கள் வெளியே போய்ப் பிறரைப் பிடிக்கலாம், பிறர் உங்கள் வீட்டுக் கதவைத் தட்ட முடியாது. இந்த நிலையில் ரவுட்டரில் போர்ட் ஃபார்வர்டு, அதாவது வெளியிலிருந்து நாஸுக்கு ஒரு கதவைத் திறந்து வைப்பது, வீண் வேலை. புது வகை ஐபி முகவரியான ஐபிவி6 கிடைத்தால் ரவுட்டரிலும் நாஸிலும் அதை ஆன் செய்யுங்கள், அல்லது கம்பெனியிடம் தனி ஐபி காசு கொடுத்து வாங்குங்கள்.

பொது ஐபி இருப்பவர்கள் போர்ட் திறக்கலாம், ஆனால் டவுன்லோட் ஆப்பின் போர்ட்டை மட்டும், உதாரணமாக டிரான்ஸ்மிஷன் என்ற டோரன்ட் ஆப் என்றால் 51413. வேகம் கூடும் என்று யாரோ சொன்னார்கள் என்பதற்காக நாஸின் அட்மின் பக்கத்தை, சைனாலஜியில் 5000, 5001, வெளியே திறந்து வைக்காதீர்கள். இணையத்துக்குத் திறந்து கிடந்த க்யூநாப் கம்பெனியின் நாஸ் பெட்டிகளை 2021 ஏப்ரலில் க்யூலாக்கரும் 2022 ஜனவரியில் டெட்போல்ட்டும் என இரண்டு தீம்பொருள்கள் பூட்டிவிட்டுப் பணம் கேட்டன. ரவுட்டரில் யூபிஎன்பி ஆன் ஆக இருந்தால் உங்களைக் கேட்காமலே போர்ட் திறந்துவிடும், அதையும் ஒரு எட்டு பார்த்துவிடுங்கள்.

டோரன்ட் ஆரம்பித்ததும் வீட்டில் எல்லோருடைய நெட்டும் படுத்துவிடுகிறதா? இணைப்பு எண்ணிக்கையை 100, 150 அளவுக்குக் குறையுங்கள், மலிவு ரவுட்டர்களால் அதற்கு மேல் தாங்க முடிவதில்லை. அப்லோடை வரம்பில்லாமல் விட்டிருந்தால் உங்கள் அப்லோட் வேகத்தில் முக்கால் பங்குக்குக் கட்டுப்படுத்துங்கள். சைபர் ஆக்கிவிடாதீர்கள், கொடுத்தால்தான் கிடைக்கும் என்பதுதான் டோரன்ட்டின் கணக்கு.

டாக்கர் வைத்திருப்பவர்களுக்கு

டவுன்லோட் ஆப்பை டாக்கரில், அதாவது ஆப்பை கன்டெய்னர் என்ற தனி உறைக்குள் வைத்து ஓட்டும் மென்பொருளில், ஓட்டினால், முதல் சோதனையில் காப்பி ஆனது உங்கள் யூசர் பெயரில். ஆப் ஓடுவது வேறு யூசர் எண்ணில். வழிகாட்டிகள் எல்லாம் 1000 என்று எழுதியிருக்கும், அப்படியே எடுத்து ஒட்டுவோம். சைனாலஜியில் நீங்கள் உருவாக்கும் முதல் யூசருக்கு எண் 1026, குழு எண் 100. அதை மாற்றினால் 'அனுமதி இல்லை' என்ற பிழை போய்விடும். முடிந்தது என்கிறது, ஆனால் ஃபைலைக் காணோம் என்றால் கன்டெய்னருக்குள்ளேயே விழுந்திருக்கிறது, வெளி ஃபோல்டரை இணைத்த வரியில் ஓர் எழுத்துப் பிழையாவது இருக்கும். கன்டெய்னரை அப்டேட் செய்வதற்கு முன் ஃபைலை எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் அதோடு சேர்ந்து போய்விடும்.

கரண்ட்

இறக்கி முடித்த ஃபைல் திறக்கவில்லை, ஜிப் கெட்டுவிட்டது என்கிறது, அதுவும் கரண்ட் போன நாளில் என்றால், டோரன்ட்டாக இருந்தால் மறுபடி சரிபார்க்கச் சொல்லுங்கள், கெட்ட துண்டுகளை மட்டும் திரும்ப எடுத்துக்கொள்ளும். நேரடி டவுன்லோட் என்றால் தளத்தில் ஷா256 எண் (ஃபைலின் கைரேகை போன்றது) கொடுத்திருந்தால் ஒப்பிடுங்கள், பொருந்தவில்லை என்றால் முதலிலிருந்துதான்.

வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தும் ஒவ்வொரு முறையும் நாஸ் அணைந்து எழுந்தால், இன்வெர்ட்டரின் முன்னாலோ பின்னாலோ யூபிஎஸ் என்றும் ஈகோ அல்லது நார்மல் என்றும் ஒரு சுவிட்ச் இருக்கும், அதை யூபிஎஸ் பக்கம் தள்ளுங்கள். மாறும் நேரம் குறையும், மின்விசிறிக்கு அது தெரியாது, நாஸுக்குத் தெரியும். அதற்கும் அடங்கவில்லை என்றால் ஒரு சின்ன யூபிஎஸ் வாங்கி நாஸையும் ரவுட்டரையும் மட்டும் அதில் மாட்டுங்கள். யூஎஸ்பி போர்ட் உள்ளதாகப் பார்த்து வாங்கி அந்தக் கேபிளை நாஸில் குத்தினால், பேட்டரி தீரும் முன் பெட்டி தானாக ஒழுங்காக அணைந்துகொள்ளும். கேபிளைத் தனியாக வாங்க ஓடாதீர்கள், அநேகமாக யூபிஎஸ் வந்த அட்டைப்பெட்டியின் அடியிலேயே கிடக்கும்.